டேக்கில் ஒட்டிய நூல்

ரம்யா என்னிடம் கேட்டது எட்டு வரிதான். நான் முன்பு வேலை பார்த்த தையல் யூனிட்டை இப்போது அவள்தான் நடத்துகிறாள். அங்கே இப்போது தைத்த பொருளை மட்டும் விற்பதில்லையாம். வெட்டிய துண்டுத் துணி, நாடா, நூல்கண்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுக்கிறார்கள். வாங்குகிறவர்கள் வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். பைக்குள் வைக்க ஒரு அட்டை வேண்டும், அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்கும் பிடிதுணியைத் தைப்பது எப்படி என்று தமிழில் எட்டு வரி. "உங்களைவிட யாருக்கு ஆன்ட்டி தெரியும்? டீ குடிக்கிற நேரத்துல எழுதிடுவீங்க" என்றாள்.

இரண்டு வரி எழுதினேன். மூன்றாவது வரியில் பேனா நின்றுவிட்டது. அது நின்று மூன்று வாரம் ஆகிறது. ரம்யா இரண்டு முறை போன் செய்தாள். முதல் முறை கண்ணில் புரை என்றேன், இரண்டாம் முறை பேரனுக்குக் காய்ச்சல் என்றேன். இரண்டுமே புளுகு. எனக்குப் பேரனே கிடையாது, பேத்திதான்.

நான் ஸ்டெல்லா. ஜோகுபாளையத்தில் பிறந்தேன், வாழ்க்கைப்பட்டதும் அங்கேயே இரண்டு தெரு தள்ளி. பத்தொன்பது வயதில் ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸில் சேர்ந்தேன். காலர் வைப்பதில் ஆரம்பித்து, கை, பாக்கெட் என்று எல்லா மெஷினிலும் உட்கார்ந்து, கடைசியில் செக்கர் ஆனேன். செக்கர் வேலை என்பது பிறத்தியார் தப்பைக் கண்டுபிடிப்பது. வருடக்கணக்கில் அதையே செய்தால் அது வியாதியாகவே ஒட்டிக்கொள்ளும். கல்யாணத்துக்குப் போனால் நான் பெண்ணின் முகத்தைப் பார்க்க மாட்டேன், ரவிக்கை மடிப்பு கோணலா என்றுதான் பார்ப்பேன். கோவிலில் முன்னால் முழந்தாளிடுகிறவளின் சுடிதாரில் தையல் விட்டிருந்தால் எனக்கு ஜெபம் ஓடாது. என் தப்பை மட்டும் நான் பார்க்கப் பழகவில்லை. அந்த வேலையை எனக்கு யாரும் கொடுக்கவும் இல்லை.

அந்தக் கம்பெனி மூடியபோது எனக்கு வயது நாற்பத்தொன்று. எங்கள் ஏரியாவிலேயே சிறிய யூனிட் ஒன்று இருந்தது. பழைய வீடு, ஏழு மெஷின், பன்னிரண்டு பெண்கள். பெரிய கம்பெனிகளில் வெட்டி மிச்சமாகும் துண்டுத் துணிகளை மூட்டையாக வாங்கி, சமையலறைக்கு வேண்டிய சாமான் தைப்பார்கள். சப்பாத்தி சுற்றும் துணி, இட்லித் தட்டுத் துணி, பாத்திரத்தை மூட எலாஸ்டிக் வைத்த மூடி, ஃபிரிட்ஜில் கீரை வைக்கும் பை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிடிதுணி.

பிடிதுணி என்றால் பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் சிரித்தேன். நம் வீடுகளில் அதற்குப் பெயர் கரித்துணி. கிழிந்த பாவாடையோ பனியனோ அடுப்பு மேடை மூலையில் பிசுக்கேறிக் கிடக்கும். அதைப் போய் அளவெடுத்துத் தைக்கிறார்களே என்று நினைத்தேன். அந்தச் சிரிப்பை ஷகீலா மேடம் பார்த்துவிட்டார்.

ஷகீலா மேடம்தான் அங்கே எல்லாம். முன்பு பெரிய கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருந்தவர். கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும், மூக்குக் கண்ணாடி நெற்றியில் இருக்கும். பதினோரு வருடத்தில் அவர் ஒருமுறை கூடக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பாகத் தைத்தால் அந்தத் துண்டைப் பின்பக்கமாகத் திருப்பி நம் முன்னால் வைப்பார். கண்ணாடியை இறக்கிக்கொள்வார். "உல்டா பண்ணிப் பாரும்மா" என்பார். அவ்வளவுதான். நாம் தப்பைக் கண்டுபிடிக்கும் வரை அங்கேயே நிற்பார். திட்டினால் நான் பதில் சொல்லியிருப்பேன், எனக்கு வாய் ஜாஸ்தி. நிற்கிறவரிடம் என்ன சொல்வது?

முதல் நாள் என் சிரிப்பைப் பார்த்தவர் ஒரு பிடிதுணியை என் கையில் வைத்தார். "இது சேலை இல்ல ஸ்டெல்லா. சேலை கிழிஞ்சா மானம்தான் போவும். இது போனா கை போயிடும். அத்த மனசுல வெச்சுக்கினு தை" என்றார்.

செய்முறை இதுதான். எட்டு அங்குலச் சதுரம். வெளியே இரண்டு துணி, உள்ளே மூன்று அடுக்கு. மூலைகளை டம்ளர் வைத்து வட்டமாகக் கோடிழுத்து வெட்ட வேண்டும், கூர்மூலை சீக்கிரம் நைந்துவிடும். ஐந்தையும் சேர்த்துக் குறுக்கே ஒரு அங்குல இடைவெளியில் தையல் ஓட்ட வேண்டும், முதலில் நடுக்கோடு, பிறகுதான் இரண்டு பக்கமும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் உள்ளே இருக்கும் அடுக்கு நகர்ந்து ஒரு பக்கம் குண்டாகிவிடும். சுற்றிலும் நாடா. ஆணியில் மாட்ட ஒரு காது.

இதெல்லாம் தைக்கத் தெரிந்த யாரும் செய்வார்கள். ஷகீலா மேடத்தின் விஷயம் தைப்பதற்கு முன்னால் நடக்கும். ஒவ்வொரு துணிக்கட்டு உள்ளே வரும்போதும் அதிலிருந்து ஒரு நூலை உருவி, தீக்குச்சி கிழித்து எரித்துப் பார்ப்பார். பருத்தி நூல் காகிதம் மாதிரி எரியும், விரலில் தேய்த்தால் பொடிச் சாம்பல். பாலியஸ்டர் அப்படி எரியாது, உருகிச் சுருங்கும். நுனியில் கறுப்பாகக் கெட்டியாக ஒரு மணி திரளும், மூக்கில் பிளாஸ்டிக் நாற்றம் ஏறும். எரித்த நூலை ஒரு அட்டை டேக்கில் செலோ டேப் போட்டு ஒட்டி, தேதி எழுதி, பார்த்தவர் கையெழுத்துப் போட்டு, கட்டில் கட்ட வேண்டும். கட்டு தீர்ந்தால் டேக்கை மட்டும் சுவர்க் கம்பியில் குத்தி வைக்க வேண்டும். மணி திரண்ட துணி எல்லாம் மிதியடிக்கும் தலையணைக்கும் போகும் மூட்டையில். நூல் உருவ வராத துணியையும் அதே மூட்டையில்தான் போட வேண்டும். எரித்துப் பார்க்க முடியாதது அடுப்புப் பக்கம் போகவே கூடாது என்பது அவர் சட்டம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு தடவை புதிதாகத் தைக்கும்போதும் முதல் துண்டு ஒன்று பத்மாவுக்குப் போகும். பத்மா எங்கள் தெருமுனையில் தோசைக் கடை வைத்திருப்பவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், கை வேகம் அப்படி. வீட்டு அடுப்பில் ஒரு வருடம் படும் சூட்டை அவள் கடையில் ஒரு துணி ஒரு வாரத்தில் பட்டுவிடும். வாரம் முடிந்ததும் அதை வாங்கி வந்து, தையலைப் பிரித்து, உள்ளே எப்படி இருக்கிறது என்று மேடம் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் மற்றவை விற்பனைக்கு. பத்மாவுக்கு அதில் பெருமை. "நான் பாஸ் போட்டாத்தான் உங்க சரக்கு வெளிய போவும்" என்பாள்.

அங்கே சேர்ந்து நாலாம் வருடம் அது நடந்தது.

ஒரு கல்யாண வீட்டார் தாம்பூலப் பையில் வைத்துக் கொடுக்க நூற்றைம்பது பிடிதுணி கேட்டிருந்தார்கள். கரித்துணிக்கு வந்த வாழ்வைப் பாரேன் என்று எல்லோரும் சிரித்தோம். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருந்தது. பத்மாவிடம் ஒரு வாரம் இருக்க வேண்டும் என்பதால் அன்றே முதல் துண்டு தைத்து அனுப்பியாக வேண்டும். மேடம் நாடா வாங்க சிக்பேட்டை போயிருந்தார். தீப்பெட்டி என்னிடம்.

உள் அடுக்குக்கு நாங்கள் போடுவது வெள்ளை ஃபிளானல், நைட்டி கம்பெனியில் மிச்சமாவது. பஞ்சு மாதிரி மேலே பூத்திருக்கும், நல்ல பருத்தி. கட்டு ஒன்று குறைந்தது. நாலு பெண்கள் அடுக்கு வைக்கும் மேஜையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காலையில் ஒரு ஜாக்கெட் கம்பெனியிலிருந்து வந்த துணியை மேடம் மிதியடி மூட்டையில் போடச் சொல்லியிருந்தார். மூட்டைக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு கட்டு தனியாகக் கிடந்தது. ஃபிளானல் கட்டி வரும் அதே மஞ்சள் நாடாவில் கட்டியிருந்தது. தொட்டால் அதே மெத்து. நம் கட்டுதான், இடம் மாறிக் கிடக்கிறது என்று எடுத்தேன்.

நூல் உருவப் பார்த்தேன். வரவில்லை. இன்னொரு ஓரத்தில் பார்த்தேன், அங்கேயும் வரவில்லை. ஃபிளானல் தறியில் நெய்தது, ஓரத்தைக் கிள்ளினாலே நூல் கையோடு வரும். இருபத்தைந்து வருடம் துணியைத் தொட்ட எனக்கு அது தெரியாதா? தெரியும். நெருக்கமாக நெய்திருக்கிறான், அதனால் வரவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பக்கத்தில் மிச்சமிருந்த பழைய ஃபிளானல் கட்டிலிருந்து ஒரு வெள்ளை நூலை உருவினேன். எரித்தேன். சாம்பல் விழுந்தது. அதை டேக்கில் ஒட்டினேன், தேதி போட்டேன், ஸ்டெல்லா என்று கையெழுத்துப் போட்டேன். கட்டை மேஜைக்குத் தள்ளினேன்.

அடுக்கு வைக்கிறவள் முனியம்மா. என்னைவிட நாலைந்து வயது பெரியவள், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எழுதப் படிக்கத் தெரியாது, சம்பள நோட்டில் கைநாட்டு. கொஞ்சம் நிதானம், கொஞ்சம் மறதி. அதற்கு முந்தின மாதம் அடுக்கு குறைகிறது என்று மிதியடி மூட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்து, மேடத்திடம் மாட்டி, எல்லோர் முன்னாலும் அதைப் பிரித்தவள். அவள் அந்த வெள்ளைத் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"ஸ்டெல்லாம்மா, இது இன்னாமோ வழுவழுன்னு இருக்குது. காட்டன்தானா?"

"டேக் ஒட்டியிருக்கேன்ல, பாத்துக்க முனியம்மாக்கா. ஜல்தி ஆகட்டும்."

டேக்கைப் பார்த்தால் அவளுக்கு என்ன தெரியும், அதில் என் கையெழுத்து இருக்கிறது என்பதைத் தவிர.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். பத்மாவின் புருஷன் காகிதத்தில் சுற்றிய பிடிதுணியோடு வாசலில் வந்து நின்றார். அவர் உள்ளே வரவில்லை. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். இத்த மேடத்தாண்ட காட்டச் சொன்னா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினார்.

பத்மா தோசைக்கல்லைக் கழுவுவதற்காக, தீயிலிருந்து அப்படியே விளிம்பைப் பிடித்துத் தூக்கியிருக்கிறாள். தினமும் செய்வதுதான். உள்ளே இருந்தது துணியல்ல, உருகுகிற சரக்கு. வெளித்துணி வழியாகக் கசிந்து உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. உதறினாலும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் அதைத் தோலோடுதான் எடுத்தார்கள். வலது கை. அதற்குப் பிறகு இரண்டு விரல் அவளுக்கு மடங்கவே இல்லை.

மத்தியானம் மேடம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். மெஷின்களை நிறுத்தச் சொன்னார். தைத்த பிடிதுணிகள் அத்தனையையும் பிரிக்க வைத்தார். இரண்டு டஜனுக்கு மேற்பட்டவற்றில் அந்தச் சரக்கு இருந்தது, மற்றவற்றில் நல்ல ஃபிளானல். பத்மாவின் பிடிதுணியைப் பின்பக்கமாகத் திருப்பி மேஜையில் வைத்தார். அன்றைக்கு உல்டா பண்ணிப் பார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. கம்பியிலிருந்து டேக்குகளை எடுத்து ஒவ்வொன்றாக விரலால் தடவினார்.

"எல்லா டேக்கும் காட்டன். உள்ள இது எப்படி வந்துச்சு?"

யாரோ பின்னாலிருந்து மூட்டை என்றார்கள். எல்லோர் கண்ணும் மூட்டைக்குப் போயிற்று. அதற்குள்ளும் அதே வெள்ளைச் சரக்கு கிடந்தது. பிறகு எல்லோர் கண்ணும் முனியம்மாவிடம் வந்தன.

"முனியம்மா, நீ அதுலேந்து எடுத்தியா?" மேடம் மெதுவாகத்தான் கேட்டார்.

"இல்ல மேடம். கட்டுல இருந்தத்தான் வெச்சேன்." சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். மேடமும் என்னைப் பார்த்தார்.

நான் சொன்னேன்: "நான் எரிச்சுப் பார்த்துத்தான் ஒட்டினேன் மேடம்."

நான் சொன்னது பொய்யில்லை என்று பல வருடம் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். எரித்தது உண்மை, ஒட்டியது உண்மை. செக்கர் புத்தி, எங்கே தையல் போட்டால் கிழிசல் தெரியாது என்று அதற்குத் தெரியும். முனியம்மா அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அதை எல்லோரும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். நானும்தான்.

அவளை அடுக்கு மேஜையிலிருந்து எடுத்து நூல் வெட்ட உட்கார வைத்தார்கள். தண்ணீர்ப் பானைக்கு அவள் போனால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். இரண்டு வாரம் வந்தாள். பிறகு வரவில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு ஆனேக்கலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. அப்படி இருந்ததைத்தான் இன்று வரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மேடம் தீப்பெட்டியை என் கையில் கொடுத்தார். "இனிமே எல்லாக் கட்டையும் நீயே பாரும்மா. உன் மேல எனக்கு பரோசா இருக்கு" என்றார். ஏழு வருடம் அந்த நம்பிக்கையைச் சுமந்தேன். அதற்குப் பிறகு ஒரு கட்டைக்கூட நான் எரித்துப் பார்க்காமல் விட்டதில்லை. ஆனால் அதனால் யாருக்கு என்ன லாபம்? நான் ஓய்வு பெற்ற மறுவருடம் மேடம் காலமானார். அவர் வீட்டில் போய் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதேன். அவ்வளவு பிரியமா என்று அவர் தங்கை என் தோளைத் தடவினார்.

இதனால்தான் ரம்யா கேட்ட அட்டையில் மூன்றாவது வரி வரவில்லை. 'உள்ளே வைக்கும் துணியில் ஒரு நூலை உருவி எரித்துப் பாருங்கள்' என்று எழுத வேண்டும். எந்தக் கையால் எழுதுவது?

போன செவ்வாய்க்கிழமை ஆனேக்கல் பஸ் ஏறினேன். கையில் புதிதாக நான் தைத்த பிடிதுணி ஒன்று. வெறுங்கையோடு போகக் கூடாது என்று எடுத்தது, பஸ் பாதி தூரம் போன பிறகுதான் எதை எடுத்துக்கொண்டு யார் வீட்டுக்குப் போகிறோம் என்று உறைத்தது. இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

முனியம்மா வாசலில் உட்கார்ந்து ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"வா ஸ்டெல்லா. எப்படித் தேடிக்கினு வந்தே?"

முன்பெல்லாம் ஸ்டெல்லாம்மா என்பாள். உள்ளே போய் உட்கார்ந்தோம். மகள் வேலைக்குப் போயிருந்தாள். அடுப்பில் டீ வைத்தாள். நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். அந்தக் கட்டு, நூல் வராதது, வேறு கட்டின் நூலை எரித்து ஒட்டியது, எல்லாம். அவள் டீயைக் கலக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"இத்த சொல்லவா இம்மாந் தூரம் வந்தே? எனக்குத் தெரியும்."

"எப்போ தெரியும்?"

"அன்னிக்கே. தொட்டவளுக்குத் தெரியாதா இன்னா? உன்னாண்டதானே வந்து கேட்டேன்."

"அப்புறம் ஏன்க்கா வாயத் திறக்கல?"

"நீ கையெழுத்துப் போடறவ, நான் ரேகை வெக்கறவ. எவ நம்புவா? அதுவும் நான் ஒருவாட்டி மூட்டையில கைய வெச்சு மாட்டுனவ." கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் சொல்லியிருந்தா நீ இல்லன்னு சொல்லியிருப்பே. அத்த என் காதால கேக்க வேணாம்னு இருந்துச்சு. உன்னை நான் நல்லவன்னு நெனச்சுக்கினு இருந்தவ."

நான் அழுதேன். அவள் தேற்றவில்லை.

"என்னாண்ட அழுது இன்னா பண்றது? எனக்குத்தான் தெரியுமே. பத்மாவுக்குத் தெரியாது. அவ கல்யாணத்துல நான் ஆரத்தி எடுத்தவ. ஆஸ்பத்திரில பாக்கப் போனேன், சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினா. இன்னிக்கு வரைக்கும் நான்தான் அவ கையச் சுட்டேன்னு நெனச்சுக்கினு இருக்கறா. போய் அவளாண்ட சொல்லு."

பையிலிருந்து பிடிதுணியை எடுத்து நீட்டினேன். வாங்கினாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஓரத்துத் தையலை நகத்தால் கொஞ்சம் பிரித்து, உள்ளே இருந்து ஒரு நூலை உருவினாள். அடுப்புத் தீயில் காட்டினாள். விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"காட்டன்தான்" என்றாள். அதை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, முந்தானையால் பிடித்து டீப் பாத்திரத்தை இறக்கினாள்.

அன்று சாயங்காலமே பத்மா கடைக்குப் போனேன். கூட்டமாக இருந்தது. அவள் இடது கையால் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "ஸ்டெல்லாக்கா, வாங்க, எத்தினி வருஷமாச்சு நம்ம கடைக்கு வந்து" என்று சிரித்தாள். ஒரு தோசை சாப்பிட்டேன். கையைக் கழுவினேன். ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். வாய் ஜாஸ்தி என்று பெயரெடுத்தவளின் லட்சணம் இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்மாவுக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும்.

ரம்யா, நீ எட்டு வரி கேட்டாய், நான் இவ்வளவு எழுதிவிட்டேன். அட்டைக்கு வேண்டிய மூன்றாவது வரியை இதிலிருந்து எடுத்துக்கொள். ஆனால் இதை யாருக்கும் காட்டுவதற்கு முன்னால் பத்மாவிடம் கொண்டு போய்க் கொடு. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கொடு, அப்போதுதான் அவள் கல் ஆறியிருக்கும், கை சும்மா இருக்கும். நான் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.